மீனம்பாக்கம் முதல் வாகைகுளம் வரை: வான்தொலைவு குறித்து ஓர் ஆய்வு

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்னும் வினா, கல்யாணப் பந்தியில் எழும்பி, பாயசம் வருமுன் ஆளுக்கொரு விடையோடு அடங்கிவிடுவது வழக்கம். அறிஞர் பெருமக்கள் எவரும் இதை முறைப்படி ஆராயாத குறையை இக்கட்டுரை போக்க முனைகிறது.

முதலில் தொலைவு. புவியின் வளைவைக் கணக்கில் கொண்டு அளந்தால் சென்னையின் மீனம்பாக்கம், தூத்துக்குடியின் வாகைகுளம் ஆகிய இரு விமான நிலையங்களுக்கும் இடையே ஏறத்தாழ 527 கிலோமீட்டர். வளைவே இல்லை என்று சாதித்து அளந்தாலும் அதே 527தான். ஆயினும் கோளத் திரிகோணவியல் இல்லாத ஆய்வை யார் மதிப்பார்கள்?

இத்தடத்தில் நெடுநாள் பறந்த ஏடிஆர் விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில். வகுத்தால் ஒரு மணியும் சில நிமிடமும் வரும். டிக்கெட்டிலோ ஒன்றரை மணியை ஒட்டிப் போட்டிருக்கும். மிச்சத்தை விழுங்கியது யார்?

விடை தரையில் கிடக்கிறது. விமானக் கம்பெனியின் கடிகாரம் பறப்பதை அளப்பதில்லை. மேட்டில் நிறுத்திய லாரிக்கு அண்டக்கொடுப்பது போல் விமானச் சக்கரத்துக்கும் கட்டை வைக்கிறார்கள். அந்தக் கட்டையை எடுத்ததிலிருந்து மறு ஊரில் மறு கட்டை வைக்கும்வரை பயண நேரம். ஊர்ந்து போவதும், முன்னால் நிற்பவருக்கு வழிவிட்டுக் காத்திருப்பதும் அதற்குள் அடக்கம். இன்னொன்றையும் ஆய்வுலகம் கவனிக்கவில்லை. சென்னையின் பெரிய ஓடுபாதை ஏறக்குறையக் கிழக்கு மேற்கு. வாகைகுளத்திலும் அப்படியே. தெற்கே போகவேண்டியது வேறு திசை பார்த்துக் கிளம்பி, வேறு திசை பார்த்தே இறங்குகிறது!

வாகைகுளத்து ஓடுபாதை முன்பு 1,350 மீட்டர்தான். ஏடிஆர் போல விசிறி வைத்த சிறிய விமானங்களுக்கு மட்டுமே அது போதுமாயிருந்தது. 2025இல் புதிய முனையத்தோடு 3,115 மீட்டராக நீண்டது. இனி ஜெட் வரும், நேரம் குறையும் என்பது முன்னேற்றவாதிகளின் கட்சி. குறையட்டும். செக்-இன் கவுண்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடுவதையும், சக்கரம் தரை தொட்டதுமே எழுந்து, கழுத்தை மடக்கி, தலைக்கு மேல் பெட்டியோடு நிற்பவர்களையும் எந்த ஜெட் குறைக்கும்?

பயணம் எங்கே முடிகிறது என்பதிலும் கருத்தொற்றுமை இல்லை. வாகைகுளம் நிலையம் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே இருப்பதால் தூத்துக்குடிக்காரர் சீக்கிரம் கரைசேர்வார். திருநெல்வேலிக்காரருக்கு இன்னும் வல்லநாடு தாண்ட வேண்டும். "எங்கடே நிக்க? வெளிய வா, நான் வந்துட்டேன்" என்று போனில் சொல்லும் சித்தப்பா அப்போதுதான் செருப்பு மாட்டுகிறார் என்பதற்குச் சித்தியின் குரலே சான்று.

அதே சித்தப்பா முத்துநகர் எக்ஸ்பிரஸ் கட்சி. இரவு எழும்பூரில் ஏறிப் படுத்தால் காலையில் தூத்துக்குடி. தூங்கின நேரத்தை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா என்கிறார். அவர் கணக்கில் ரயிலின் பயண நேரம் பூஜ்யம். இதை மறுக்கும் சூத்திரம் இதுவரை கைவசப்படவில்லை.