தடித்த கம்பிக்கு ஒரு சின்ன ஆம்ப்

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை விரலால் அழுத்தாமல் அப்படியே மீட்டினால் விநாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிரும். லீட் கிட்டாரின் தடித்த கம்பிக்கு அது 82. பேஸ் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. மனிதக் காதுக்கு எட்டும் எல்லைக்குள்தான் 41 இருக்கிறது. ஆனாலும் காது அந்தப் பக்கம் மந்தம். பாடுகிறவர் குரலை எவ்வளவு மெல்ல வைத்தாலும் பிடித்துக்கொள்ளும் அதே காதுக்கு, இந்த 41 கேட்க வேண்டுமென்றால் பல மடங்கு அழுத்தத்தோடு காற்று வந்து மோத வேண்டும். அவ்வளவு காற்றைத் தள்ள அகலமான ஸ்பீக்கர் வேண்டும், அதற்கேற்ற பெட்டி வேண்டும். பேஸ் பழக வருகிற ஒவ்வொருவரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது.

1980-களில் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பேஸ் வாசித்தேன். இப்போது என் தங்கையின் பேத்தி பேஸ் பழகுகிறாள், எட்டாம் வகுப்பு. வீட்டில் வைத்துப் பழக அவளுக்கு ஒரு சின்ன ஆம்ப் வாங்க வேண்டும் என்று தங்கை மகள் பேச்செடுத்தபோது, அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கென்று தனியாக ஆம்ப் வைத்திருந்த பேஸ்காரர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆம்ப் குழுவினுடையது. ரேடியோ மெக்கானிக் ஒருவர் 2என்3055 டிரான்சிஸ்டர் போட்டு அசெம்பிள் செய்து தந்தது. தச்சரிடம் அளவு சொல்லிச் செய்த பிளைவுட் பெட்டிக்குள் 15 அங்குல ஸ்பீக்கர். இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். கச்சேரி அன்று வேனில் ஏறும், விடியற்காலையில் குழு நடத்துகிறவர் வீட்டுத் தாழ்வாரத்தில் இறங்கும். அடுத்த கச்சேரிவரை நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கச்சேரியிலும் அது மேடைக்கு மட்டும்தான். கோயில் திருவிழாவென்றால் பந்தலில் இரண்டு பெட்டி ஸ்பீக்கர் நிற்கும். மற்றபடி தெரு நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் குழாய். குழாய் ஸ்பீக்கர் பேச்சை ஊர் தாண்டிக் கொண்டுபோகும். சில நூறு அதிர்வுக்குக் கீழே அதில் எதுவும் வராது. முன்வரிசைகளில் உட்கார்ந்தவர்களுக்குப் பேஸ் நெஞ்சில் இடிக்கும், நாலு வீடு தள்ளித் திண்ணையில் இருந்து கேட்டவருக்குப் பாட்டில் பேஸ் என்ற ஒன்றே இருக்காது. இன்றைய ஊரும் பெரும்பாலும் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது. கையிலிருக்கும் போனின் ஸ்பீக்கருக்கும் 41 வராது, 82 வராது. அந்த ஸ்வரத்தின் மேல் பகுதி அதிர்வுகள் மட்டும் வெளியே வருகின்றன. அடிப்பகுதியை மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. எந்த ஸ்வரம் என்பது தெரிந்துவிடும், அதன் கனம் தெரியாது.

வீட்டில் எப்படிப் பழகினோம்? வால்வு ரேடியோவின் முதுகில் இசைத்தட்டுக் கருவிக்கென்று இரண்டு துளை இருக்கும். கிட்டார் வயரின் நுனியைச் சீவி அதில் சொருகினால் சன்னமாகச் சத்தம் வரும். அந்த ரேடியோக்களில் பலவற்றில் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டே மின்சாரத்தின் ஒரு பக்கத்தோடு நேராக இணைந்திருக்கும். பிளக்கை மாற்றிச் செருகிவிட்டால் பேஸின் கம்பிவரை மின்சாரம் வந்து நிற்கும். விரல் சுள்ளென்று இழுக்கும். அப்படிப் பழகி உயிரோடு இருப்பது அதிர்ஷ்டம்தான். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம், இன்றும் மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை யாரும் கவனிப்பதில்லை. எத்தனையோ வீடுகளில் சுவரில் மூன்று துளை இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. ஆம்பில் ஓயாமல் ஒரு உறுமல் கேட்டு, கம்பியைத் தொட்டதும் அது அடங்கினால், பாதிப் பேர் ஆம்ப் சரியில்லை என்று கடைக்குத் தூக்குகிறார்கள். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தங்கை மகள் வீட்டிலும் ஆம்ப் வருவதற்கு முன்பே அதைச் செய்ய வைத்தேன்.

ரேடியோவும் கிடைக்காத நாட்களில் ஆம்ப் எதுவுமே இல்லாமல் வாசிப்போம். பேஸின் தலைப்பக்கத்தை மர பீரோவின் கதவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மீட்டினால் பீரோவே அதிரும். அறைக்குள் நன்றாகவே கேட்கும். பாட்டை எடுப்பது அதைவிடக் கஷ்டம். கேசட் பிளேயரின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் பிரிந்து வராது. அதனால் டீக்கடை. பெரிய பெட்டி வைத்த டீக்கடை வாசலில் நின்றால், இளையராஜா பாட்டில் சசிதரன் வாசித்த பேஸ் குரலுக்குக் கீழே தனியாக ஒரு பாட்டு பாடிக்கொண்டு போவது கேட்கும். ஒரு சரணத்தை மனதில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்து, மறப்பதற்குள் பீரோவில் சாய்த்து வாசித்துப் பார்ப்போம். கம்பி மந்தமாகிவிட்டால் கழற்றி வெந்நீரில் கொதிக்க விட்டு, துணியால் துடைத்துக் காயவைத்து மறுபடி மாட்டுவோம்; கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று பேசும். புதுக் கம்பிக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னை போக வேண்டும்.

அந்தப் பழக்கம் எங்கள் தலைமுறைக் கையை ஒரு விதமாக ஆக்கிவிட்டது. பீரோவுக்குக் கேட்க வேண்டும், ரேடியோவுக்கு எட்ட வேண்டும் என்று கம்பியை இழுத்து இழுத்து அடித்த கை அது. மேடையில் 15 அங்குலப் பெட்டி கிடைத்த பிறகும் அந்த அடி குறையவில்லை. மெல்லத் தொட்டால் வரும் உருண்டையான ஸ்வரம் எங்களில் பலருக்குப் பல வருடம் கழித்தே கிடைத்தது. பழகும் காலத்தில் கையை வளர்ப்பது ஆம்ப்தான் என்று நான் நம்புவது இதனால்தான். பெண்ணுக்கு ஆம்ப் தேடும்போது என் மனதில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: இவள் மெல்லத் தொட்டாலும் தடித்த கம்பி இவளுக்கு உண்மையாகக் கேட்குமா?

கடையில் அவளுக்கு முதலில் பிடித்தது உள்ளங்கை அகலத்துக்கு இருந்த ஒரு பெட்டி. மூன்று அங்குல ஸ்பீக்கர், உள்ளே பல பிரபல ஆம்புகளின் சாயல்கள், போனில் திறக்க ஒரு செயலி. "தாத்தா, இதுலயே எல்லா ஆம்ப் சவுண்டும் இருக்கு" என்றாள். எல்லாச் சாயலையும் அணைத்துவிட்டுத் தடித்த கம்பியை வாசிக்கச் சொன்னேன். 'டொக்' என்று ஒரு தட்டல் வந்தது. பின்னால் வாலே இல்லை. ஹெட்போனில் அதே பெட்டி அருமையாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஹெட்போனுக்கு மட்டும் என்றால் கிட்டாரிலேயே நேராகச் செருகிக்கொள்ளும் வாக்ஸ் ஆம்ப்ளக் போன்ற தீப்பெட்டி சாமான் போதுமே.

அங்கேயே லீட் கிட்டாருக்கான 10 வாட் ஆம்ப் ஒன்று மலிவாக இருந்தது. அதில் பேஸைச் செருகினால் உடனே எதுவும் வெடித்துவிடாது. மெல்ல வைத்தால் ஓடும். சத்தம் கூட்டினால் மெல்லிய கோன் அளவுக்கு மீறி முன்னும் பின்னும் போய் அடிபடும், நாளடைவில் கிழியவும் செய்யும். சரித்திரம் இதைத் தலைகீழாகவும் நடத்திக் காட்டியிருக்கிறது. 1951-ல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய பேஸைத் தூக்கி அலைந்தும் கூட்டத்தில் கேட்காமல் போன கலைஞர்களுக்காக. அடுத்த வருடமே அதற்கென்று பேஸ்மேன் என்ற ஆம்பையும் செய்தார். பேஸுக்காகப் பிறந்த அந்த ஆம்ப் கடைசியில் லீட் கிட்டார்காரர்களின் செல்லமாகிவிட்டது. லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் 1962-ல் உருவான முதல் மார்ஷல் ஆம்பே பேஸ்மேனைப் பார்த்துச் செய்ததுதான். லீட் கிட்டாருக்குப் பேஸ் ஆம்ப் ஒத்துப்போகும். மறுபக்கம் அந்தச் சலுகை கிடையாது.

வாட் கணக்கில் நிறையப் பேர் மயங்குகிறார்கள். 20 வாட்டிலிருந்து 40 வாட்டுக்குப் போனால் சத்தம் இரண்டு மடங்காகாது; 3 டெசிபல்தான் ஏறும், காதுக்குச் சின்ன வித்தியாசம். இரண்டு மடங்கு என்று காது உணரப் பத்து மடங்கு வாட் வேண்டும். படுக்கையறையில் பழக 20, 25 வாட்டே தாராளம். அதைவிட ஸ்பீக்கரின் அகலத்தையும் பெட்டியின் உறுதியையும் பார்க்க வேண்டும். எட்டு அங்குலத்துக்குக் கீழே இறங்காதீர்கள். பத்து கிடைத்தால் பத்தே வாங்குங்கள். எட்டு அங்குலமும் முழு 41-ஐத் தந்துவிடாது, ஆனால் 82-ம் அதற்கு மேலும் திடமாக வந்தால் விரலுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும்.

எங்கள் பார்வைக்குத் தேறியவை ஃபெண்டர் ரம்பிள் 25, ரம்பிள் 40, ஆம்பெக் ராக்கெட் பேஸ் வரிசையின் சிறியவை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி சோதித்தோம். டோன் குமிழ்கள் எல்லாம் நடுவில். சத்தம் வீட்டில் எவ்வளவு வைப்போமோ அவ்வளவு; கடைக்காரர்கள் கூட்டி வைத்துக் காட்டுவார்கள், கூட்டினால் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும். தடித்த கம்பியைத் தொட்டுவிட்டு நாலு எண்ணும்வரை ஓடவிட்டு, உள்ளங்கையால் நிறுத்த வேண்டும். கை பட்டதும் சத்தமும் நிற்கிறதா, பெட்டி தன்பாட்டுக்கு இன்னும் முனகுகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு அதே கம்பியில் ஒவ்வொரு கட்டையாக ஏறிப்போகச் சொன்னேன். ஒரு பெட்டியில் மூன்றாவது கட்டையில் மட்டும் ஸ்வரம் பூதாகரமாக வீங்கி, முன்வலை கிர்ரென்று நடுங்கியது. அடுத்த கட்டையில் சத்தம் வற்றிப்போனது. அந்தப் பெட்டியில் பழகும் பிள்ளை, தன்னையறியாமல் மூன்றாவது கட்டையை மெல்லவும் நாலாவதை அழுத்தியும் வாசிக்கக் கற்றுக்கொள்ளும். வேறொரு ஆம்புக்குப் போன அன்று அது தப்பாகக் கேட்கும். பழைய ஆம்ப் வாங்குகிறவர்கள் இத்தோடு குமிழ் ஒவ்வொன்றையும் முழுச் சுற்று திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்றும், ஜாக்கை அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

ரம்பிள் 40-ல் எல்லாக் கட்டையும் ஒன்றுபோலப் பேசியது. பத்து அங்குல ஸ்பீக்கர், எடை பத்துக் கிலோவுக்குள். அன்று இரண்டு பேர் சுமந்த வேலையை அவளே ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஹெட்போன் துளை இருந்தே ஆக வேண்டும். அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கும் ஊர் நம்முடையது. பாட்டு ஓடவிட ஒரு ஆக்ஸ் துளையும் வேண்டும். டிரினிட்டியின் ராக் அண்ட் பாப் தேர்வில் பேஸுக்கும் கிரேடுகள் உண்டு, பின்னணி இசையோடுதான் பாட்டை வாசித்துக் காட்ட வேண்டும். ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். காதில் செருகும் புளூடூத் சாமான்களில் சத்தம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு தாமதமாக வருவது சாதாரணம். ஒரு தாளம் அரை விநாடி ஓடும் பாட்டில் அது கையைக் குழப்பிவிடும். பேஸ்காரர் தாளத்துக்குள் உட்கார வேண்டியவர். அவருக்கு அந்தக் குழப்பம் ஆகவே ஆகாது.

முதல் வாரம் முழுக்க அவள் ஹெட்போனிலேயே வாசித்தாள். தங்கை மகள் போன் செய்தாள். "மாமா, ஆம்ப் வாங்கியும் எனக்கு டக் டக்குனு கம்பி தட்டுற சத்தம்தான் கேக்குது. என்ன பாட்டு வாசிக்குறான்னே தெரியல." அன்று எங்கள் வீட்டில் பீரோ அதிர்வது பிடிக்காதவர்களும் நான் எந்தப் பாட்டு எடுக்கிறேன் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். அம்மா அடுப்படியிலிருந்தே சரணத்தைத் திருத்துவார். இப்போது நல்ல ஆம்ப் வந்து உட்கார்ந்திருக்கிறது, வீட்டில் யாருக்கும் ஒரு ஸ்வரம் போய்ச் சேரவில்லை. அன்று சாயங்காலமே போய்ப் பேசினேன். பாதி நேரமாவது வெளியே கேட்க வாசி என்று பேத்தியிடம் கேட்டுக்கொண்டேன். பேஸ் காதால் மட்டும் பழகும் வாத்தியம் இல்லை, தரை வழியாகப் பாதத்துக்கு ஏறுவதும் பாடம்தான். ஒரு ஸ்வரம் எங்கே தொடங்கியது என்பதைக் காது சொல்லும். எங்கே முடிந்தது என்பதை உடம்பு இன்னும் துல்லியமாகச் சொல்லும்.

ஆம்பைச் சுவர் மூலையில் தரையோடு வைத்திருந்தாள். மூலையில் வைத்தால் கீழ்ச் சத்தம் ஊதிப்போகும், எல்லாம் குழையும். மூலையிலிருந்து இழுத்து, ஒரு மர ஸ்டூலில் ஏற்றி, அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினோம். வால்யூம் குமிழைக் குறைத்த பிறகும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. "கம்மியா வச்சும் நல்லாக் கேக்குது தாத்தா" என்று விரலின் அடியையும் தானாகவே தளர்த்திக்கொண்டாள்.

ஜனவரியில் பள்ளி ஆண்டு விழா. டிரம்ஸ் உண்டாம். டிரம்ஸ் பக்கத்தில் 40 வாட் நிற்காது, அதற்காகப் பெரிய ஆம்ப் வாங்கவும் தேவையில்லை. பின்புறம் லைன் அவுட் என்று ஒரு துளை இருக்கிறது; அதிலிருந்து மிக்ஸருக்கு ஒரு வயர் போனால் சபைக்கு அவர்கள் பெட்டி பேசிக்கொள்ளும், இந்த ஆம்ப் அவள் காதுக்கு மட்டும் போதும். டெட்ராய்ட்டில் மோட்டவுன் பாடல்களுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ்கூடப் பெரும்பாலும் நேராக ரெக்கார்டிங் கன்சோலுக்கே போனது. மிக்ஸருக்குப் போகும் அந்த வயரை ஆம்போடு சேர்த்தே வாங்கிவிட்டோம், ஆறு மீட்டர் நீளத்தில்.