அமைச்சர் தட்டில் அன்னம்

ஜெர்மனியின் சாக்ஸனியை ஆண்ட அகஸ்டஸுக்குப் 'பலசாலி' என்று பட்டம். சீனப் பீங்கானைக் கண்டால் மட்டும் பலசாலிக்குக் கைகால் ஓடாது. 1717-ல் தன் குதிரைப்படை வீரர்கள் 600 பேரைப் பிரஷ்ய மன்னருக்குத் தாரைவார்த்துவிட்டு, 151 பீங்கான் சாமான்களை வாங்கிக்கொண்டார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர்கூட இந்த பேரத்தைப் பார்த்தால் வாயடைத்துப் போவார்.

இத்தனைக்கும் மைசென் கோட்டையில் 1710 முதல் அவருக்கே சொந்தமாகப் பீங்கான் ஆலை இருந்தது. அது வந்த கதையும் லேசுப்பட்டதல்ல. பெர்லினில் பெட்கர் என்ற மருந்துக்கடைப் பையன், 'தங்கம் செய்வேன்' என்று வாயை விட்டான். பிரஷ்ய மன்னரிடம் அகப்படாமல் சாக்ஸனிக்கு ஓடிவந்தவனை அகஸ்டஸ் பிடித்து உள்ளே போட்டார். தங்கம் வந்தபாடில்லை. சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து சூளையில் வெந்து, 1708 வாக்கில் பீங்கான் ரகசியத்தைப் பிடித்தான். தலை தப்பியது, விடுதலை கிடைத்ததோ 1714-ல்தான்.

1733-ல் அகஸ்டஸ் கண்ணை மூடினார். மகன் மன்னரானார், நாட்டை ஆண்டது அமைச்சர் புரூல். ஆலைப் பொறுப்பும் அவரிடமே. வேலி பயிரை மேய்ந்தது மட்டுமில்லை, பந்தியும் போட்டது! நூறு பேர் சாப்பிட, 2,200-க்கு மேற்பட்ட உருப்படிகள் கொண்ட செட் வேண்டுமென்றார். காசு? அமைச்சரிடம் யார் கேட்பது?

1737-ல் சிற்பி கேண்ட்லர் வேலையைத் தொடங்கினார். டிரெஸ்டனில் இருந்த சங்கு, சிப்பிகளை உட்கார்ந்து வரைந்துகொண்டு வந்தார். தட்டு முழுக்கச் சிப்பியின் வரிகள் விளிம்புவரை விரிகின்றன. நடுவில் இரண்டு அன்னங்கள், நாணற்புதர், பக்கத்தில் ஒரு கொக்கு. எல்லாம் வெள்ளைமேல் வெள்ளையாக, விரலுக்குத் தட்டுப்படும் அளவே மேலெழும் புடைப்பு வேலை. சூப் சட்டிகளோ அரண்மனை நீரூற்றைப் பெயர்த்து மேசையில் வைத்தாற்போல் இருக்கும், கைப்பிடிகளில் கடல்தேவதைகள். தட்டில் குழம்பை ஊற்றியதும் அன்னங்கள் முழுகிவிடும். பார்க்க வேண்டுமென்றால் வழித்துச் சாப்பிட வேண்டியதுதான்.

1756-ல் பிரஷ்யா சாக்ஸனிக்குள் படையோடு நுழைந்தது. சாக்ஸனி தாரைவார்த்த வீரர்களால் அமைந்த பிரிவுக்குப் பிரஷ்யாவில் 'பீங்கான் படை' என்றே பேர். மன்னரும் அமைச்சரும் வார்சாவுக்கு நழுவினார்கள். வேறென்ன செய்வது, தட்டை எறிந்தா படையைத் தடுக்க முடியும்?

புரூலின் செட் இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிதறிப்போனது. மிஞ்சியவை பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மைசென் ஆலை இன்றும் அதே அன்னத் தட்டைச் செய்து விற்கிறது. ஆசைப்பட்டால் வாங்கலாம். அமைச்சர் கணக்கு மட்டும் அங்கே செல்லாது.