தென்காசிக் குடும்ப இலச்சினை: வடிவமும் பொருளும் பற்றிய முதற்கட்ட ஆய்வு

குடும்ப இலச்சினை பெருமையில் பிறந்தது என்பார்கள். இக்கட்டுரை அதை மறுக்கிறது. 12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வீரர்கள் இரும்புக் கவசத்துக்குள் முகத்தை மறைத்தபோது யார் எவரென்று தெரியவில்லை. கேடயத்தில் சிங்கமும் கழுகும் ஏறின. அதே நெருக்கடி சீசன் நேரத்துக் குற்றாலத்திலும் உண்டு. பேரருவியில் உடம்பெல்லாம் ஈரம், இடுப்பில் துண்டு என்று நிற்கும் கூட்டத்தில் சித்தப்பா யார், அடுத்த வேனில் வந்தவர் யார் என்று பிரித்தறிய எந்தச் சாத்திரமும் உதவாது. ஆகவே இலச்சினை தேவை.

முன்மாதிரிகளுக்குக் குறைவில்லை. இங்கிலாந்தில் மூன்றாம் ரிச்சர்ட் 1484இல் இதற்கென்றே ஒரு கல்லூரிக்குச் சாசனம் கொடுத்தான். 1877 தில்லி தர்பாரில் நம் ராஜாக்களுக்கு வழங்கிய கொடிகளில் இருந்த சின்னங்களை வரைந்தவர் ராபர்ட் டெய்லர் என்ற வங்காள சிவில் அதிகாரி. நம் குலச்சின்னம் எதுவென்று ஒரு துரை வந்து சொல்லவேண்டிய நிலை தென்காசிக்கு இல்லை. 1446இல் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியனின் குலத்துக்குக் கயல் இருந்தது: இரண்டு மீன், நடுவே செண்டு.

பெரியப்பா அதையே எங்கள் குடும்பக் கேடயத்தில் வைக்கச் சொன்னார். அத்தை விடவில்லை. "ஏண்ணே, சுத்த சைவம்னு சொல்லிக்கிட்டு வாசல்ல மீனைத் தொங்கவிடவா? பொண்ணு பாக்க வாறவுக என்ன நெனப்பாக?" பாண்டியன் மீனைக் கொடியில்தானே வைத்தான், குழம்பிலா வைத்தான் என்று பெரியப்பா வாதிட்டார். குழம்பைப் பற்றிக் கல்வெட்டுச் சான்று கிடைக்காததால் மீன் நிறுத்திவைக்கப்பட்டது.

மனைவி வீட்டுச் சின்னத்துக்குக் கேடயத்தில் பாதி இடம் தருவது ஐரோப்பிய வழக்கம். பெரியம்மை செங்கோட்டைக்காரி. 1956 நவம்பர் 1 வரை அந்த ஊர் மலைக்கு அந்தப்புறத்து அரசோடு இருந்தது. அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூரின் சின்னம் சங்கு. சங்கு ஒருமனதாக ஏற்கப்பட்டது. அதுவும் கடலில் உயிரோடு ஊர்ந்ததுதானே என்று யாரும் கேட்கவில்லை. ஆய்வாளரும் வாயைத் திறக்கவில்லை.

பின்னணியில் குற்றாலத்து ஐந்தருவிக்கு ஐந்து வெள்ளைக் கோடுகள். சாரல் பொய்த்த ஆண்டுகளில் கோடுகளை அழித்துவிட்டு வெறும் பாறையைக் காட்டலாம். உச்சியில் புரோட்டாவை வைக்கும் யோசனை, அது பிரானூர் பார்டருக்கே உரிய சின்னம் என்பதால் கைவிடப்பட்டது. சால்னாவை அத்தை எப்படியும் விட்டிருக்கமாட்டார். கேடயத்தைத் தாங்க, சிங்கத்துக்கும் ஒற்றைக்கொம்புக் குதிரைக்கும் பதிலாகக் குற்றாலத்துக் குரங்குகள் இரண்டு. ஒன்று கேடயத்தைப் பிடித்திருக்கும். மற்றது நம் பையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இது விழிப்புணர்வின் குறியீடு.

வரைபடத்தைத் தூக்குவாளியில் பொறிக்கப் பாத்திரக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். "இதெல்லாம் மெஷின்ல வராது அண்ணாச்சி. இனிஷியலச் சொல்லுங்க, வெட்டித் தாரேன்."

கல்யாண வீட்டுக்கு இரவல் போன அண்டா வீடு திரும்புவது அந்த இரண்டெழுத்தால்தான் என்பதால், இதுவே இந்த மண்ணின் உண்மையான இலச்சினை மரபு என்று ஆய்வாளர் முடிவுசெய்யவிருந்தார். ஆனால் அடுக்களையில் எடுத்த கணக்கு அதைக் குலைத்துவிட்டது. தட்டு, டம்ளர், குத்துப்போணி எல்லாவற்றிலும் 'அன்பளிப்பு' என்று மொய் செய்தவர்களின் பெயர்களே இருக்கின்றன. இலச்சினை விதிப்படி பார்த்தால் நாங்கள் சாப்பிடுவது அடுத்தவர் ஆட்சிப் பகுதியில்.