கோஸ் ஆகாதாம்

நேற்று கல்யாணப் பந்தியில், என் இலையில் விழுந்த முட்டைக்கோஸ் பொரியலைப் பக்கத்து இலைப் பெரியம்மா தன் கையாலேயே வழித்து ஓரங்கட்டினார். "உனக்குத்தான் தைராய்டாச்சேடி!" எதிர்வரிசையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். "எனக்கும்தான்" என்று ஆங்காங்கே குரல்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. மாத்திரை ஒழுங்காகப் போட்டும், டிஎஸ்ஹெச் 2.4 என்று ரிப்போர்ட் சமர்த்தாக வந்தும், மத்தியானம் ஏன் கண் சொருகுகிறது, சித்திரை வெயிலில் ஏன் ஃபேனைக் குறைக்கச் சொல்கிறேன், சீப்பில் ஏன் கொத்தாக முடி வருகிறது என்பதைத்தான். இருக்கட்டும், முதலில் கோஸ்.

கோஸில் தைராய்டுக்கு ஆகாத சங்கதி இருப்பது வாஸ்தவம். ஆனால் பச்சையாக, கூடை கூடையாகத் தின்றால்தான் வம்பு. வேகவைத்தால் வீரியம் குறைந்துவிடும். நம் சமையற்காரர்கள் வேகவைக்கிற அழகுக்கு கோஸில் கோஸே மிஞ்சாது. பச்சையாக யார் தின்கிறார்கள், ஆட்டைத் தவிர? அந்தச் செம்மறி ஆட்டின் தைராய்டிலிருந்து சாறெடுத்துத்தான் 1891-ல் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர் ஊசி போட்டு ஓர் அம்மாளைத் தேற்றினார். மறு வருஷம் சுரப்பியை வறுத்தே தின்னக் கொடுத்தார்கள். கோஸ் தின்ற ஆடு ஆகும், கோஸ் ஆகாதாம்!

அதற்கு முந்தின நாள் ரிசப்ஷனில் இதே பெரியம்மாதான் கோபி மஞ்சூரியனை எனக்கு ஊட்டிவிடாத குறை. காலிஃபிளவரும் கோஸும் ஒரே இனம். முள்ளங்கியும் அந்தக் குடும்பம். ஏன், கடுகும்தான்! தாளிப்பதை நிறுத்திவிடலாமா? ரசத்தை வாசலில் கொட்டிவிடலாமா? ஊறுகாய் ஜாடியைப் போலீசில் ஒப்படைக்கலாமா? பெரியம்மாவின் மோர்க்குழம்பில் கடுகு மிதந்தது. அதைப் பொறுக்க ஒரு கையும் நீளவில்லை.

நிஜமாகவே தெரிய வேண்டியதை மட்டும் எந்தப் பெரியம்மாவும் சொல்வதில்லை. கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நாலு மணி நேரம் விட வேண்டும். டோஸ் மாற்றினால் ஆறு வாரமாவது கழித்துத்தான் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். டாக்டரோ, "அதான் நார்மலாச்சேம்மா" என்று ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர் அறை ஏசியில் சால்வைக்குள் நடுங்குகிற என்னைப் பார்ப்பதில்லை. ரிப்போர்ட்டுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். எனக்கு ஆறு மணிக்கு மாத்திரை, ஏழு மணிக்குத்தான் காபி. தயவுசெய்து ஏழேகாலுக்கு மேல் வாருங்கள்.