நதிமூலம், ரிஷிமூலம், கிதார்மூலம்

நதிமூலமும் ரிஷிமூலமும் விசாரிக்கக் கூடாது என்று முன்னோர் சொல்லி வைத்தார்கள். கிதார்மூலத்தை அவர்கள் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. இந்தச் சிறு கவனக்குறைவிலிருந்து ஒரு தனி அறிவுத்துறையே முளைத்து வளர்ந்திருக்கிறது. அதன் ஆய்வுப்பொருள் ஒன்றே ஒன்று: பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கும் ஆர்ச்டாப் கிதார், தன் தலையில் தாங்கியிருக்கும் பெயருக்குரிய ஊரில்தான் பிறந்ததா, அல்லது கடல் கடந்த ஏதோ ஒரு தொழிற்சாலையில் பிறந்து, பின்னர் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டதா? வயலினைப் போல மேற்பலகையும் அடிப்பலகையும் வளைவாகக் குடையப்பட்டு, நடுவில் வட்டத் துளைக்குப் பதிலாக இருபுறமும் எஃப் வடிவத் துளைகள் கொண்ட கிதாரே ஆர்ச்டாப். ஜாஸ் கலைஞர்களின் கருவி. இத்துறைக்குப் பல்கலைக்கழகங்கள் இன்னும் இருக்கை ஏதும் ஏற்படுத்தவில்லை. ஆனால் அறிஞர்களுக்குக் குறைவே இல்லை. கிதார் வாங்கியவர், வாங்காதவர், வாங்கி விற்றவர் எனப் பல பள்ளிகளாகப் பிரிந்து அவர்கள் உழைத்து வருகிறார்கள். அவர்கள் அனைவரும் ஊரைப் பற்றிப் பேசுவதாக நம்பிக்கொண்டு விலையைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு.

வதந்தி வெறுங்கையோடு வரவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எபிஃபோன் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் ஸ்டதோபூலோ குடும்பம் நடத்திய அந்த நிறுவனத்தை 1957-இல் கிப்சன் வாங்கி, மிச்சிகன் மாநிலத்திலுள்ள தன் ஊரான கலமசூவுக்குக் கொண்டுபோனது. 1970 வாக்கில் உற்பத்தி ஜப்பானின் மட்சுமோட்டோ நகருக்குப் போயிற்று, பிறகு கொரியா, 2004-இல் சீனாவின் சிங்தாவ் நகரில் சொந்தத் தொழிற்சாலை. மட்சுமோட்டோவில் அதைச் செய்துகொடுத்த மட்சுமோக்கு நிறுவனம் தையல் மெஷின்களுக்கு, சிங்கர் மெஷின் உட்பட, மரப்பெட்டி செய்து தொழில் பழகியது என்பது வரலாறு. தையலுக்கும் ஜாஸுக்கும் இப்படியும் ஓர் உறவு இருந்திருக்கிறது. கிரெட்ச் 1883-இல் புரூக்ளினில் தொடங்கி, கைமாறி, 1970-இல் ஆர்கன்சாவுக்குப் பெயர்ந்து, நலிந்து, 1989-இல் ஜப்பானின் டெராடா தொழிற்சாலை வழியாக மறுபிறவி எடுத்தது. கில்ட் நிறுவனம் நியூயார்க், ஹோபோக்கன், ரோட் ஐலண்ட், கலிபோர்னியா, வாஷிங்டன், கனெக்டிகட் என்று அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு யாத்திரை போய்வந்தது. அதன் பழைய ஹோபோக்கன் நாள்களை நினைவுபடுத்தும் வகையில் நியூவர்க் தெருவின் பெயர் சூட்டிய கிதார் வரிசை கொரியாவில் தயாரானது. ஆக, பெயரிலிருந்து ஊர் பிரிந்து போவது கற்பனை அல்ல, தொழில் வழக்கம். வதந்தி இந்த வழக்கத்தை, அது நடந்திராத இடத்துக்கும் நீட்டித்துச் சொல்கிறது. அவ்வளவுதான் அதன் குற்றம்.

இனி வதந்தியின் திசையைக் காண்போம். தொடக்ககால ஆய்வாளர்கள் வதந்தி எப்போதும் கிழக்கு நோக்கியே செல்லும் என்று வகுத்தார்கள். அமெரிக்கக் கிதார் உண்மையில் ஜப்பானியக் கிதாராம் என்று பேச்சு எழும். ஜப்பானியக் கிதார் உண்மையில் அமெரிக்கக் கிதாராம் என்று எவரும் குரலைத் தாழ்த்திச் சொன்னதில்லை. ஆனால் இவ்விதி ஜப்பானுக்கு வந்ததும் முறிகிறது. ஜப்பானில் செய்தது என்பார்கள், உண்மையில் கொரியாவாம். கொரியா என்பார்கள், உண்மையில் சீனாவாம். சீனா என்பார்கள், உண்மையில் இந்தோனேசியாவாம். ஜப்பானிலிருந்து கொரியா மேற்கே இருக்கிறது, இந்தோனேசியாவோ தெற்கே. எனவே வதந்தி சூரியனைப் பின்பற்றவில்லை. தண்ணீர் பள்ளம் தேடுவது போல அது கூலி குறைந்த இடத்தைத் தேடிப் போகிறது என்று திருத்திக்கொள்வதே முறை. இந்தத் திருத்தத்தில்தான் நம் துணிபுக்கு முதல் சான்று கிடைக்கிறது. கேள்வி ஊரைப் பற்றியதாக இருந்தால், கூலி ஒன்றாக இருக்கும் இரு ஊர்களுக்கிடையிலும் வதந்தி ஓட வேண்டும். இந்தக் கிதார் கனெக்டிகட் அல்ல, உண்மையில் ரோட் ஐலண்ட் என்று எவரும் யாரையும் ஓரமாக அழைத்துப் போய்ச் சொல்வதில்லை.

வதந்தி ஏன் ஆர்ச்டாப்பையே பிடித்துக்கொண்டது, வட்டத் துளைக் கிதாரை ஏன் அத்தனை துன்புறுத்தவில்லை என்ற வினாவுக்கு உடற்கூற்றிலேயே விடை உண்டு. 1922-இல் கிப்சன் நிறுவனத்தில் லாயிட் லோர் வடிவமைத்த எல்-5, எஃப் துளைகளைக் கிதாருக்குக் கொண்டுவந்தது. ஒலிக்கு அதனால் விளைந்த நன்மையை இசையியலார் எழுதிவிட்டார்கள். சான்றியலுக்கு விளைந்த தீமையை எவரும் எழுதவில்லை. வட்டத் துளை வழியே உள்ளே ஒட்டிய முகவரிச் சீட்டை நேராகப் படிக்கலாம். எஃப் துளை வழியே பார்த்தால் சீட்டின் ஒரு பகுதிதான் தெரியும். மீதிக்கு விளக்கும், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கைக்கண்ணாடியும் வேண்டும். முழுதாகப் படிக்க முடியாத பத்திரத்தைச் சுற்றி வழக்கு வளர்வது இயல்பே. அற்றேல், செய்த நிறுவனத்தையே கேட்டால் தீர்ந்துபோகுமே என்பாருக்கு விடை வருமாறு. இரண்டாம் உலகப் போரின்போது கிப்சன் தான் போர்த் தளவாட வேலைக்கு மாறிவிட்டதாகவும் கிதார் உற்பத்தியை நிறுத்திவிட்டதாகவும் வெளியே சொல்லிக்கொண்டது. உள்ளே கலமசூ ஆலையில் பெண்கள் ஆயிரக்கணக்கில் கிதார் செய்துகொண்டிருந்தார்கள். ஜான் தாமஸ் என்ற சட்டப் பேராசிரியர் அப்பெண்களைத் தேடிக் கண்டு பேசி, அவர்கள் செய்த கிதார்களை எக்ஸ்ரே எடுத்தும் பார்த்து, ஒரு நூலே எழுதினார். அவை பெரும்பாலும் தட்டையான மேற்பலகைக் கிதார்கள்தாம். ஆனாலும் செய்யவே இல்லை என்று சொன்ன இடத்தில் செய்திருக்கிறார்கள் என்பது, கேட்டறிதல் என்னும் ஆய்வுமுறையின் எல்லையைக் காட்டப் போதும்.

வலுவான தடை இனிமேல்தான் வருகிறது. ஊர் என்பது வெறும் பெயரன்று, அங்கே ஒரு கைப்பழக்கம் தலைமுறைகளாக ஊறியிருக்கிறது, வாங்குபவர் அதற்கே பணம் தருகிறார், ஆகவே ஊரைக் கேட்பது நியாயமே என்பர் ஒரு சாரார். இதைச் சோதிக்க எந்த ஆய்வுக்கூடமும் அமைத்துத் தர முடியாத ஒரு சோதனையை வரலாறே நடத்திக் காட்டியிருக்கிறது. 1984-இல் கிப்சன் கலமசூ ஆலையை மூடிவிட்டு நாஷ்வில் நகரோடு நின்றுகொண்டது. ஊர் மாற விரும்பாத பழைய ஊழியர்கள் சிலர் 1985-இல் அதே பார்சன்ஸ் தெருக் கட்டடத்தில், அதே இயந்திரங்கள் சிலவற்றை வைத்து, ஹெரிட்டேஜ் என்ற பெயரில் ஆர்ச்டாப் உள்ளிட்ட கிதார்கள் செய்யத் தொடங்கினார்கள். இப்போது இரண்டு பொருள்கள் நம் முன் உள்ளன. ஒன்றில் ஊரும் கட்டடமும் கையும் இருக்கின்றன, பெயர் இல்லை. மற்றொன்றில் பெயர் இருக்கிறது, ஊர் இல்லை. ஊர்தான் உயிர் என்று சொல்பவர்கள் ஹெரிட்டேஜைத்தான் அதிக விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். சந்தை நாஷ்வில் எல்-5-க்கே அதிக விலை தந்தது. ஊரை நேசிக்கிறோம் என்றவர்கள், ஊரே வந்து கதவைத் தட்டியபோது விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் எனக் கொள்க.

காது பொய் சொல்லாது என்பது அடுத்த தடை. நல்ல காதுக்கு எங்கே செய்தது என்று தெரிந்துவிடும் என்பர். ஆர்ச்டாப்பின் தாய்வழியான வயலினிலேயே இது சோதிக்கப்பட்டிருக்கிறது. 2010-இல் இண்டியானாபோலிஸ் சர்வதேச வயலின் போட்டிக்கு வந்தவர்களை வைத்து, கிளாடியா ஃபிரிட்ஸ் குழுவினர் ஓர் ஓட்டல் அறையில் 21 கலைஞர்களிடம் மூன்று புது வயலின்களையும், இத்தாலிய மேதைகளான ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி செய்த மூன்று பழைய வயலின்களையும் கொடுத்தார்கள். அடையாளம் தெரியாதிருக்க வெல்டிங் கண்ணாடி மாட்டினார்கள்; பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று மோவாய் வைக்கும் இடத்தில் வாசனைத் திரவியமும் தடவினார்கள். பலர் புது வயலினையே விரும்பினர். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. வாசனை வரை யோசித்த ஆய்வாளர்களை இத்துறை கும்பிட வேண்டும். வயலினின் முகவரிச் சீட்டுகளோ இதைவிடச் சுவையானவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மார்க்நியூகிர்ஷென் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான மலிவு வயலின்களுக்குள் கிரெமோனா ஸ்ட்ராடிவாரி என்று அச்சிட்ட சீட்டை ஒட்டி அனுப்பினார்கள். 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. விளைவு, ஒரே சீட்டில் மேலே இத்தாலிய மேதையின் பெயரும் கீழே மேட் இன் ஜெர்மனியும் சேர்ந்து வந்தன. ஏமாற்றையும் ஒப்புதலையும் இத்தனை சிக்கனமாக ஒரே தாளில் அடக்கிய இலக்கியம் வேறில்லை.

சட்டம் இருக்கிறதே என்பார் மூன்றாம் சாரார். அமெரிக்க வணிக ஆணையத்தின் அளவுகோல்படி, ஒரு பொருள் முழுவதும் அல்லது ஏறத்தாழ முழுவதும் அங்கேயே செய்யப்பட்டிருந்தால்தான் அமெரிக்கத் தயாரிப்பு என்று தடையின்றிச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஆர்ச்டாப்பின் விரல்பலகைக்குக் கருங்காலி வேண்டும், அல்லது ஈட்டி. இரண்டும் மிச்சிகனில் விளைவதில்லை. ஈட்டி நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம். 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் ஆலைகளுக்குள் நுழைந்து அள்ளிச் சென்றதும் இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலிப் பலகைகளைத்தான். வழக்கின் முடிச்சு தடிமனில் இருந்தது: ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் அது அறுத்த மரம், இந்தியச் சட்டப்படி வெளியே போகக் கூடாது, அதற்குட்பட்டால் மெல்லிய தகடு, போகலாம். இந்தியத் தொழிலாளரே இழைத்து முடித்திருந்தால் சிக்கல் வந்திருக்காது என்று நிறுவனம் குமுறியது. கடைசியில், முன்பே எழுந்திருந்த மடகாஸ்கர் கருங்காலிப் புகாரை முன்வைத்து 2012-இல் 3,00,000 டாலர் அபராதத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. இந்திய மரம் திரும்பக் கிடைத்தது. இங்கே ஆய்வாளர் கவனிக்க வேண்டியது, மிக அமெரிக்கமான கிதாரின் ஒரு பாகம் எந்த நாட்டுக் கையால் முடிக்கப்பட வேண்டும் என்று இரண்டு நாட்டுச் சட்டங்கள் வெளிப்படையாக வாதாடியபோதும், பிறப்பிட வதந்தியாளர்கள் அதைத் தங்கள் துறைக்குள் சேர்த்துக்கொள்ளவே இல்லை என்பது. விரல்பலகையின் மூலம் தெரிந்தால் கிதாரின் விலை குறைவதில்லை. ஆகவே அது வதந்திக்குரிய பொருளாகாது.

துணிபை எதிர்ப்பக்கத்திலிருந்தும் சரிபார்க்கலாம். விலை குறைந்தால் வதந்தி சாக வேண்டும், சாகிறதா? கொரியாவில் செய்த எபிஃபோன்களின் தொடர் எண் ஓர் எழுத்தில் தொடங்கும். எஸ் என்றால் சாமிக், ஆர் என்றால் பியர்லெஸ், யு என்றால் அன்சங். இதை அந்தக் கிதார்க்காரர்கள் பஸ் நம்பர் போலச் சாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. இனி விலை அதிகமாக இருந்தும் வதந்தி இல்லாத இடங்களைப் பாருங்கள். ஜாஸ் கிதார் கலைஞர் ஜார்ஜ் பென்சன் பெயரில் ஐபனெஸ் 1977-இல் வெளியிட்ட ஜிபி-10, மட்சுமோட்டோவின் ஃபூஜிகென் ஆலையில் செய்தது என்பது முதல் நாளிலிருந்தே ஊரறிந்தது. ஜப்பான் என்பதற்கு உரிய விலையைத்தான் கேட்டார்கள், கொடுத்தார்கள். சீனாவில் குடைந்து செய்யும் ஈஸ்ட்மேன் கிதாரின் பிறப்பிடத்தையும் எவரும் தோண்டுவதில்லை. ஐயம் அங்கே இடம்பெயர்ந்து, கையால் குடைந்ததா இயந்திரத்தால் குடைந்ததா என்று வேறு கதவைத் தட்டுகிறது.

இத்துறையினர் தெய்வமாகப் போற்றும் ஜான் டி ஏஞ்செலிகோவையும் விட்டுவிட முடியாது. 1932 முதல் 1964-இல் இறக்கும் வரை நியூயார்க்கின் கென்மேர் தெருக் கடையில், எண்ணிட்டு நோட்டில் எழுதி, 1,164 கிதார்கள் செய்தவர் அவர். அவர் கைபட்ட கிதாரின் கைவண்ணத்தைப் பற்றி இருவேறு கருத்து கிடையாது. ஆனால் ஒட்டுப்பலகை உடல் கொண்ட எலெக்ட்ரிக் கிதார்கள் சிலவற்றுக்கு அவரே நியூஜெர்சியிலிருந்து உடலை வாங்கி, கழுத்தை மட்டும் தான் செய்து பொருத்திக் கொடுத்தார். இதை ஆய்வாளர்கள் அறிவார்கள். அந்தக் கிதார்களின் விலை குடைந்து செய்தவற்றைவிடக் குறைவாகவே இருக்கிறது. எனவே இது வதந்தியாகாமல் தகவலாகவே தங்கிவிட்டது. பின்னாளில் அவர் பெயரும் நியூயார்க்கர் என்ற மாடலும் ஜப்பானுக்குப் போய், அங்கே மிகக் கவனமாகச் செய்யப்பட்டன. அந்த நியூயார்க்கர் ஒருநாள்கூட நியூயார்க்கில் குடியிருக்கவில்லை என்பது அதை வாசித்த எவருக்கும் இடைஞ்சலாக இருந்ததாகத் தெரியவில்லை. மறுவிற்பனைக்கு விளம்பரம் கொடுக்கும்போதுதான் நினைவு வருகிறது.

கடைசியாக, விலையே காரணம் என்றால் விலையில் அடங்கிய ஒவ்வொரு பொருளைப் பற்றியும் வதந்தி எழ வேண்டுமே, சுருதி சேர்க்கும் திருகாணி ஜெர்மனியா ஜப்பானா என்று ஏன் சண்டை இல்லை என ஒருவர் கேட்கலாம். திருகாணியில் செய்த கம்பெனியின் பெயரே பொறித்திருக்கிறது, சண்டைக்கு வழியில்லை. இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிதாரின் கெட்டிப் பெட்டி. உள்ளே வெல்வெட், வெளியே தோல் போன்ற உறை, பித்தளைப் பூட்டு எல்லாம் உண்டு; கிதாரைவிட அதிகம் பயணம் செய்வதும், விமானத்தில் அடி வாங்குவதும் அதுதான். ஆனால் அது கிதாரோடு சேர்த்தே தரப்படுகிறது. தனி விலைச்சீட்டு இல்லை. அது எந்த ஊரில், எந்த நாட்டில், யார் கையால் செய்யப்பட்டது என்று இதுவரை ஒரே ஒரு வதந்திகூடக் கிளம்பவில்லை.