புல்தரை என்னும் உப்பளம்: மரக்காணம் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போகிறவர் மரக்காணத்தில் இரண்டு விதச் சமதளங்களைக் காணலாம். ஒன்று, வரப்பு கட்டிக் கட்டங்கட்டமாகப் பிரித்த, வெயிலில் கண் கூசும் உப்பளம். மற்றொன்று, கடலோர விடுதிகளும் வார இறுதி வீடுகளும் சுற்றுச்சுவர் எழுப்பிக் காத்துவரும் புல்தரை. முன்னதைத் தொழில் என்றும் பின்னதை அழகு என்றும் பிரிப்பது உலக வழக்கு. அந்தப் பிரிவினைக்கு ஆதாரம் இல்லை. இக்கரையில் புல்தரை என்பது இன்னும் முதிராத உப்பளமே. உரமிடுவது அதைச் சீக்கிரம் முதிரவைக்கும் வேலை. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று மொழியிலேயே கிடக்கிறது. தமிழில் உப்பு விளைகிறது. நெல்லுக்கும் கத்தரிக்கும் உள்ள அதே வினைதான். விளையும் இடம் பாத்தி, அதன் எல்லை வரப்பு. செய்முறையும் ஒத்துப்போகிறது. பருவம் தொடங்குமுன் அளத்தில் தரையை மிதித்து இறுக்குகிறார்கள். விடுதியில் உருளை விட்டு இறுக்குகிறார்கள். அங்கே நீளக் கழியில் பொருத்திய பலகையால் உப்பை வாருகிறார்கள். இங்கே வெட்டிய புல்லை வாருகோலால் வாருகிறார்கள். அங்கே குவிந்தது லாரியில் ஏறுகிறது, இங்கே குவிந்தது குப்பைக்குப் போகிறது. இவ்வளவே வேறுபாடு. பழைய இலக்கணப்படி நெய்தலின் தொழில் உப்பு விளைத்தல், அதன் உரிப்பொருள் இரங்கல். பழுத்துப்போன புல்லருகே மே மாதத்தில் நிற்கும் வீட்டுக்காரர் இரண்டையும் ஒருசேர நிறைவேற்றுகிறார்.

அடுத்தது கணக்கு. லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள ஆழ்குழாய்த் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் இருப்பதால் இது மிகையான அனுமானம் அல்ல. 100 சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் பாய்ச்சினால் 500 லிட்டர். வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்ளும், உப்பைத் தொடாது. ஆகவே நாளுக்கு ஒரு கிலோ. கோடையின் 120 நாளில் 120 கிலோ. அளத்தில் நடப்பதும் இதுவே. அங்கே கரைசலின் அடர்த்தி 25 போமே பாகையைத் தொட்டதும் உப்பு மணி கட்டுகிறது என்பதால் உரிமையாளர் மகிழ்கிறார். இங்கே வேரடியில் வெள்ளை பூத்ததும் தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறார்.

இந்த இடத்தில் உரம் நுழைகிறது. யூரியாவை ‘உப்பு’ என்றே சொல்லும் விவசாயிகள் உண்டு; வேதியியலும் அவர்கள் பக்கம்தான். சோடியம் நைட்ரேட்டை 100 என வைத்து உரங்களின் உப்புத்தன்மையை அளக்கும் குறியீட்டில் யூரியா சுமார் 75, பொட்டாஷ் சுமார் 116. அந்தப் பொட்டாஷ் உப்பு வாரிய பின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரிலும் உண்டு. வேரைச் சுற்றி உப்பு மிகுந்தால் ஈரம் இருந்தும் புல்லால் உறிஞ்ச முடியாது. இலை நுனி கருகும். நுனி கருகியதைப் பார்த்தவர் புல்லுக்குப் பசி என்று எண்ணி இன்னொரு கைப்பிடி தூவுகிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பதைப் புல் கேள்விப்பட்டதில்லை.

மறுப்புகள் மூன்று வரக்கூடும். ஜிப்சம் போட்டால் தீரும் என்பது முதலாவது. ஜிப்சத்திலுள்ள கால்சியம் மண்ணிலிருந்து சோடியத்தைத் தள்ளும் என்பது மெய். தள்ளியதைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும் என்பதும் மெய். தவிர, அளத்தில் உப்புக்கு முன்பே படிவது ஜிப்சம். நோய்க்கு மருந்தும் அதே பாத்தியிலிருந்து வருவது நம் துணிபுக்கு வலுச்சேர்க்கிறது. உப்பைத் தாங்கும் அறுகும் மணிலாப் புல்லும் உள்ளனவே என்பது இரண்டாவது. அவை எப்படித் தாங்குகின்றன? இலையிலுள்ள சுரப்பிகள் வழியே உப்பை வெளியே தள்ளுகின்றன. காலையில் பனி உலர்ந்ததும் குனிந்து உருப்பெருக்கியால் பார்த்தால் இலைமேல் வெண்துகள் தெரியும். அதாவது ஒவ்வோர் இலையும் ஒரு பாத்தி. ஐப்பசி, கார்த்திகை மழை எல்லாவற்றையும் கழுவிவிடும் என்பது மூன்றாவது. கழுவும்தான், அளத்தையும் அதே மழைதான் மூடுகிறது. வேலையற்ற அம்மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. புல்தரை உரிமையாளர்கள் இன்னும் மனுக் கொடுக்கவில்லை.

ஆக, பராமரிப்பு பற்றிய முடிவு எளிது. உரமே கேளாமல் இக்கரையில் அடம்பு படர்கிறது, உமரி சிவக்கிறது, இராவணன் மீசை மணலைப் பிடித்து நிற்கிறது. மீசைமேல் உட்கார முடியுமா என்று கேட்பார்கள், முடியாது, குத்தும். ஆனால் நண்பகலில் மரக்காணத்து வெயிலில் எந்தப் புல்மேலும் யாரும் உட்காருவதில்லை. மாலையானால் எல்லோரும் எழுந்து மணலுக்குப் போய்விடுகிறார்கள்.