காலி ரோடு தேடும் கனவான்

மதுரையில் ஐம்பது வயதை எட்டியவர்களில் ஒரு ரகம் உண்டு. டாக்டர் "சர்க்கரை பார்டர்ல நிக்குது" என்று சொன்ன அன்று சாயங்காலமே சைக்கிள் கடைக்குப் போய், 60,000 ரூபாய்க்கு ஒரு வண்டியைத் தவணையில் எடுத்துவிடுவார். கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, செயின் கவர்கூட இல்லை. "இம்புட்டுக் காசையும் குடுத்துட்டு, பாதி வண்டியைக் கடையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று வீட்டம்மா கேட்டதற்கு இன்றுவரை அவரிடம் பதில் இல்லை. விலை ஏற ஏற சைக்கிளில் சாமான் குறையும் என்பது அந்த உலகத்துக் கணக்கு. ஒரு கட்டுக் கீரை வாங்கிவர வழியில்லாத வாகனம் அது.

பகலில் ஏன் ஓட்டுவதில்லை என்று கோரிப்பாளையத்தையும் காளவாசலையும் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். அதனால் அலாரம் நாலு மணிக்கு. "நாலரைக்குக் கிளம்பினா ரோடு காலிண்ணே!" இதுதான் அவருடைய மந்திரம். தூங்கா நகரத்தில் பிறந்து, நடுச்சாமத்து இட்லியில் வளர்ந்த மனிதர் இப்படி நம்புவதுதான் வேடிக்கை. அந்த நேரத்தில் மல்லிகை மூட்டைகள் மாட்டுத்தாவணிக்குப் பறக்கும். காய்கறி லோடு பரவை மார்க்கெட்டுக்கு முந்தும். பால் வண்டி, பேப்பர் கட்டு, சிமெண்ட் வேலைக்குப் போகிற கூட்டம் என்று ஊரே ரோட்டில்தான் கிடக்கும். பாதிப் பேரிடம் லைட் இல்லை, அவ்வளவுதான். நம்மவருடைய காயங்கள் அத்தனையும் இந்த ஒற்றை நம்பிக்கையில் விளைந்தவை.

முதல் விழுப்புண் ஓடும்போது கிடைத்ததல்ல, நின்றபோது கிடைத்தது. இந்த வண்டிக்கென்று தனி ஷூ இருக்கிறது. அடியில் ஒரு கொக்கி. பெடலில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். ஒத்தக்கடையில் டீ குடிக்க நிறுத்தியவர் காலைத் திருப்ப மறந்து, ஊன்றப் பார்த்தார். கால் வரவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் கண்ணெதிரே, ஹேண்டில்பாரைப் பிடித்த பிடி விடாமல், மிக நிதானமாக இடப்பக்கம் சாய்ந்தார். "மயக்கம் போட்டுட்டாருப்பா, சோடா ஒட!" என்று ஒருவர் ஓடிவந்தார். இன்னொருவர் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, காலு வண்டியோட ஒட்டிக்கிருச்சு!" என்று அலறினார். யானைமலை ஒன்றுதான் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தது. விழுந்தபோது வேகம் பூஜ்யம் என்று அவருடைய கைக்கடிகாரம் நேர்மையாகப் பதிவு செய்துகொண்டது.

நாய்களுக்கும் அவர்மீது தீராத சந்தேகம். கேனைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டு போகிற பால்காரரைத் தலை நிமிர்த்திக்கூடப் பார்க்காத தெருநாய், சத்தமே இல்லாமல் வரும் இவரைக் கண்டால் உறவினரையெல்லாம் எழுப்பிவிடும். எனக்கென்னவோ நாயின் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப்படுகிறது. இருட்டில் நெற்றியில் விளக்கும் உடம்பெல்லாம் பளபளப்புமாக ஓர் உருவம் வந்தால் அது வேறு என்னதான் செய்யும்? மிதிக்க மிதிக்கத் துரத்தும். இறங்கி நின்றுவிட்டால் பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். ஆனால் இறங்குவதற்குக் குதிகாலைத் திருப்ப வேண்டும்.

மார்கழி வந்தால் கஷ்டம் இரட்டிப்பு. சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் வயல்வெளிப் பனி ரோட்டில் இறங்கிவிடும். தெருவுக்குள் போனால் கோலம். வாசலைத் தாண்டி நடுரோடு வரைக்கும் இழுத்த கோலத்தின்மேல் மெல்லிசு டயர் ஒரு நேர்கோடு போட்டுவிட்டுப் போக, "ஏய்யா, ஒரு மணி நேரமாக் குனிஞ்சு போட்டது கண்ணுக்குத் தெரியலையா?" என்ற குரல் அடுத்த தெரு வரைக்கும் கூடவே வரும்.

அலங்காநல்லூர்ப் பாதையில் கோலம் குறைவு, காளை அதிகம். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கும் மறுநாள் அலங்காநல்லூர் என்று வாடிவாசல் காத்திருக்க, காளைகளுக்கு நடைப்பயிற்சி நடக்கும் மாதம் அது. பனிக்குள்ளிருந்து முதலில் கொம்பு தெரிந்தது, பிறகு திமில், கடைசியாகக் கயிற்றைப் பிடித்தவர். "அண்ணே, லைட்ட அமத்துங்க! சட்டையப் பாத்து மிரளுது!" என்றார் அவர். நம்மவர் லைட்டை மட்டும் அணைக்கவில்லை. 60,000 ரூபாயைப் பாதையோரம் போட்டுவிட்டுப் பெரியாறு வாய்க்காலிலேயே இறங்கிவிட்டார். முழங்கால் தண்ணீர். காளை திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனது.

உசிலம்பட்டிப் பக்கம் வேறு ரகம். அறுத்த கொள்ளையும் உளுந்தையும் ரோட்டில் பரப்பி, போகிற வருகிற வண்டிகளை வைத்தே அடித்துக்கொள்வார்கள். ராத்திரியில் அதற்குக் காவல், சுற்றிலும் வைத்த பாறாங்கல். கல்லுக்குத் தப்பினால் ஸ்பீடு பிரேக்கர். அதற்கு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது. கிராமத்து ஸ்பீடு பிரேக்கர்களுக்கு அந்தக் காங்கிரஸோடு கூட்டணி கிடையாது. வெள்ளைக்கோடும் இல்லாததால், அது இருப்பதை முதுகெலும்புதான் முதலில் கண்டுபிடிக்கும்.

இவற்றுக்கெல்லாம் தப்பித்துத்தான் அவர் நத்தம் ரோட்டு மேம்பாலத்தைச் சரணடைந்தார். 2023-ல் திறந்த பாலம், தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டர். மேலே நாய் இல்லை, காளை இல்லை, கோலம் இல்லை. நடுவில் வந்ததும் 'புஸ்' என்றது. சீமைக்கருவேல முள். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே அந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. இந்த ஒரு முள்ளுக்குச் சம்மன் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. பாலத்தில் பஞ்சர் கடையும் இல்லை. கொக்கி வைத்த ஷூவோடு டக் டக் என்று அவர் தள்ளிக்கொண்டு நடந்தார். கீழே வந்து எழுப்பிய பஞ்சர் கடைக்காரர் காற்றடிக்கும் வால்வைப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, ஊசி மாதிரி இருக்கு? நம்ம பம்பு இதுல ஏறாது" என்று கையை விரித்தார்.

இத்தனைக்கும் நடுவே அவருக்கு ஒரு லட்சியம் உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கும் 'பிரெவே' ஓட்டம். அதை முடித்தால் 300, 400, 600; அதற்கப்புறம் நாலு வருஷத்துக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். பாரிஸ் போவதற்கு முன்னால் பாலமேடு போய்த் திரும்பியாக வேண்டும், அதுதான் பாக்கி. பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிளில், புல்லுக்கட்டையும் வைத்துக்கொண்டு அவரைத் தாண்டிப்போகும் பெரியவர் ஒருவர், "பைய வாங்க சார்" என்று தினமும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் பெரியவர் விழுந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சிரித்தாலும் நான் நம்மவர் கட்சிதான். முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட், தலையில் ஹெல்மெட், பளபளக்கும் மேல்சட்டை என்று அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். ஆகவே, விடியுமுன் வைக்கோல் ஏற்றி வரும் டிராக்டர் அண்ணன்மாரே, பின்பக்கம் ஒரு சிவப்பு ஒளிப்பட்டையாவது ஒட்டுங்கள். அந்த சைக்கிளுக்கு இன்னும் ஆறு தவணை பாக்கி இருக்கிறது.